உடல்வலிமை உள்ளவர்கள் மட்டும்

மே 6, திங்கள்

பிளஸ் டூ முடிவு இன்று வந்துவிட்டது. பதினோரு மணிக்குக் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போன வருடம் எங்கள் நிலவியல் துறையில் முப்பது இடத்துக்கு ஒன்பது பேர் சேர்ந்தார்கள், ஒன்பதும் பையன்கள். இந்த வருடம் ஜூன் 14 மாலைக்குள் இருபது பேராவது சேரவில்லையென்றால் முதலாம் ஆண்டையே நிறுத்திவிட்டு, அந்த முப்பது இடத்தையும் கம்ப்யூட்டர் துறைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"உங்க டிபார்ட்மெண்ட்ல கல்லுக்குக் குறைச்சல் இல்லீங்க மேடம், ஆளுக்குத்தான்" என்றார். அவர் முன்னால் சிரித்துவைத்தேன். வெளியே வந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். தலைவர் நாற்காலி கிடைத்து ஐந்து மாதம் ஆகவில்லை. என் கையாலா இதைப் பூட்ட வேண்டும்?

இந்த ஊரை நினைத்தால்தான் ஆத்திரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரிக்கு வருவதற்குள் பதினாலு ரிக் வண்டியை எண்ணினேன். காஷ்மீர் வரை போய் போர்வெல் போடுகிற ஊர் இது. பாதி நாட்டுப் பூமியைத் துளைத்துப் பார்த்தவர்கள், அந்தப் பூமியைப் படிக்க ஒரு பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்.

துறை மாடியில் இருக்கிறது. படி ஏறி முடிக்க முன்னைவிட நேரமாகிறது. வெயில் அப்படி.

மே 9, வியாழன்

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த கூட்டத்தில் அரை மணி நேரம் பேச விட்டார்கள். எரிமலைப் படம் போட்டேன். பெட்ரோல் கம்பெனி வேலையைப் பற்றிச் சொன்னேன். முன் வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி, "அது பசங்க படிக்கிறதுங்க மேடம்" என்றாள், நான் ஏதோ ஆண்கள் கழிப்பறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி.

ஒரு அம்மா எழுந்து கேட்டார். "மலைக்கு நாலு நாள் கூட்டிட்டுப் போவீங்களாமா. அங்க புள்ளைங்க பாத்ரூமுக்கு எங்கீங்க போவும்?"

"நான் போகலீங்களா? படிக்கிறப்ப முப்பத்தெட்டு பசங்களுக்கு நடுவுல ஒரே பொண்ணாப் போனவ நான்" என்றேன். கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த மகளின் கையிலிருந்து எங்கள் துறையின் துண்டுத்தாளை வாங்கி, மடித்து, மோர் டம்ளருக்கு அடியில் வைத்தார். இப்படிப்பட்ட பெற்றோர் இருக்கிறவரை பெண் பிள்ளைகள் எங்கே வரப்போகிறார்கள்.

மே 10, வெள்ளி

மருந்துக்கடையில் முழங்கால் உறை ஒரு ஜோடி வாங்கினேன். எதற்கும் வீட்டில் இருக்கட்டும்.

மே 14, செவ்வாய்

விண்ணப்பம் ஆறு. ஆறும் பையன்கள். அதில் இரண்டு பேர் இன்ஜினியரிங் கிடைத்தால் ஓடிவிடுவார்கள் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது.

பதினோரு ரிக் வண்டி வைத்திருக்கும் முத்துவேல் அலுவலகத்துக்குப் போனேன். அவரிடம் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஏனுங்க மேடம், பாயிண்ட் பாக்கறதுக்குத்தான் நம்மகிட்ட தேங்காக்காரர் இருக்காரே. உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு காட்டுல நடந்தாருன்னா, தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். இதுக்குப் போயி மூணு வருசம் காலேஜுங்களா?"

காபி நன்றாக இருந்தது. அதற்காக மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

லியாகத் மாலையில் வந்து, அடுத்த களப்பயணத்துக்காவது வருகிறீர்களா மேடம் என்று கேட்டார். துறையில் ஆசிரியர் என்று இருப்பது நானும் அவரும்தான். எனக்கு ரிப்போர்ட் வேலை இருக்கிறது, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். கல் துடைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் பாப்பாத்தியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அந்த ரிப்போர்ட்டு ஆறு வருசமா முடியலீங்களா மேடம்?" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மே 17, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கீழ்த்தளத்து உதவி மையத்தில் விண்ணப்பம் போட ஒரே கூட்டம். மதியம் பாப்பாத்தியம்மாள் மூச்சு வாங்க மேலே வந்தாள். "மேடம், கீழ ஒரு புள்ள நம்ம கண்ணாடிப் பொட்டி முன்னால நின்னுட்டு, லேபிள் தப்புங்குது."

வராந்தாவில் எங்கள் துறையின் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. போர் போடும்போது வெளியே வரும் கல்தூளை ஆழவாரியாகப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறோம். லேபிள் எழுதியவள் நான். எவள் அவள் என்று இறங்கிப் போனேன்.

ஒல்லியாக ஒரு பெண். கையில் ஊன்றுகோல். இடது காலில் அடி தடித்த ஷூ. மௌனிகா என்று பெயர் சொன்னாள். "இருநூறு அடியும் நானூறு அடியும் மாறியிருக்குதுங்க. மேல இருந்து வர்றது பழுப்பா, துரு ஏறி இருக்கும். கீழ போகப் போகத்தான் கருக்கும்" என்றாள். குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. பாட்டில் கழுவும்போது பாப்பாத்தியம்மாள் மூடியை மாற்றிப் போட்டிருக்கிறாள், லேபிள் மூடியில் இருக்கிறது. எத்தனை வருடமாகவோ. தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் போகிறேன்.

அப்பா செங்கோடன், ரிக் வண்டியில் டிரில்லராம். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே. போகிற இடத்திலிருந்தெல்லாம் கல்தூளைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவாராம்.

அவள் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தேன். "அப்புறம் ஏன்மா ஜியாலஜி போடல? காமர்ஸ் போட்டிருக்க."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எங்கள் துண்டுத்தாள். அதன் நடுவில் டம்ளர் வைத்த வட்டம். அப்போதுதான் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தேன். பாத்ரூம் கேட்ட அதே அம்மா, பழனியம்மாள். அன்றைக்கு மகள் உட்கார்ந்திருந்ததால் காலை நான் கவனிக்கவில்லை.

தாளில் ஒரு வரிக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'கரடுமுரடான மலைகளில் பல நாட்கள் களப்பணி இருப்பதால், அதற்கேற்ற உடல்வலிமை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.'

"எட்டு வயசுல லாரி மோதிருச்சுங்க. இந்தக் கால் குட்டை" என்றாள். அழவில்லை, குறை சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. எந்த மடையன் இப்படி எழுதிவைத்தானோ. திங்கட்கிழமை முதல்வரிடம் போய் ஒரு கை பார்க்கிறேன்.

மே 20, திங்கள்

முதல்வர் பழைய கோப்பை எடுத்துக் காட்டினார். அந்த வரி பன்னிரண்டு வருடம் முன்பு கையேட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் கல்விக்குழு ஒப்புக்கொள்ள வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது. யார் எழுதியது என்பது இப்போது முக்கியமில்லை.

மதியம் எலுமிச்சை சாதம். பாதியை மூடி வைத்துவிட்டேன்.

மே 21, செவ்வாய்

இன்று எழுத எதுவும் இல்லை.

மே 22, புதன்

நான்தான் எழுதினேன்.

கோப்பில் என் கையெழுத்து, கீழே என் கையொப்பம், பச்சை மையில். அந்த வருடம் மலை ஏறும்போது ஒரு பையன் மயங்கி விழுந்தான். அதைச் சாக்காக வைத்து எழுதினேன். சாக்குதான். அவன் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான், அவ்வளவே. உண்மையான காரணம் வேறு. நான் பட்டதை வருகிறவர்களும் படட்டும், பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் வரட்டும் என்று நினைத்தேன். ஒரே பெண்ணாக இருந்ததில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசியைப் பங்கு போட மனசு வரவில்லை. அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

அந்த முப்பத்தெட்டு பையன்களோடு நான் எப்படிப் போனேன் என்று யாருக்கும் சொன்னதில்லை. காலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன். இருட்டுகிற வரை ஒரு வாய் கிடையாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வருடம் நீர்க்கடுப்பு வந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். அப்போதும் வீட்டில் மலேரியா என்று சொன்னேன். இதைத்தான் வீரம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பழனியம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கூட்டத்தில் உருப்படியான கேள்வி அதுதான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, பெருமை பேசினேன்.

எழுத உட்கார்ந்தாகிவிட்டது, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். என் இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆறு வருடமாக மலை ஏறவில்லை. ரிப்போர்ட் எதுவும் இல்லை. படி ஏற நேரமாவதற்கு வெயில் காரணமில்லை. நான் எழுதிய அந்த வரியின்படி பார்த்தால், நிலவியல் துறையில் அதன் தலைவருக்கே இடம் கிடையாது.

மே 24, வெள்ளி

கல்விக்குழு. பதினெட்டு பேர், சமோசா, டீ. என் முறை வந்தபோது எழுந்து, அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்றேன். இயற்பியல் துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மலை ஏறாம ஜியாலஜியாங்க? நாளைக்கு லேப் இல்லாம பிசிக்ஸ்னு வருவாங்க."

"களப்பணி அப்படியே இருக்குங்க சார். மலை உச்சிக்குப் போறது அதுல ஒரு வேலை. ஓடையில கல் பொறுக்கணும், கிணத்துல தண்ணி மட்டம் அளக்கணும், போர் மண்ணைப் படிக்கணும், வரைபடம் போடணும். யாருக்கு எது முடியுமோ அது."

"அந்த வரியே நீங்க எழுதினதுதானேம்மா?"

கோப்பு சுற்றுக்கு வந்திருந்தது போலிருக்கிறது.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன், தப்பா எழுதிட்டேன். மலை ஏறுறவங்க மட்டும்தான் ஜியாலஜிஸ்ட்டுன்னா நான் இன்னைக்கே ராஜினாமா பண்ணணும். எனக்கு ரெண்டு முட்டியும் போயி ஆறு வருசமாச்சு."

முதல்வர், ஆட்சேபணை யாருக்காவது உண்டா என்று கேட்டார். ஆட்சேபணை வரவில்லை, வரி நீங்கியது. பிடித்த பிடியில் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கினேன். முதலாம் ஆண்டு வகுப்பு கீழ்த்தளத்துப் பழைய ஸ்டோர் ரூமுக்கு வரும். களப்பயணம் போகும் இடத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் தங்கல், வண்டியில் கழிப்பறைக் கூடாரம் ஒன்று கட்டாயம் போகும்.

வெளியே வந்ததும் லியாகத், "மேடம், முட்டி பத்தி எனக்கு ரெண்டு வருசமாவே தெரியும்" என்றார். பாப்பாத்தியம்மாளுக்கு ஆறு வருடமாகத் தெரியுமாம். என்ன மனிதர்கள்.

மே 27, திங்கள்

மௌனிகா வீட்டுக்குப் போனேன். பழனியம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு பதில் சொல்ல வந்தேங்க" என்றேன். கூடாரம், பள்ளிக்கூடம், கீழ்த்தள வகுப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் சொன்னேன். புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்கால் உறையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அதே கடைதாங்க" என்று தன்னுடையதைக் காட்டினார்.

மௌனிகா ஒரு செருப்பு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள், நூற்றுக்கும் மேலே. ஒவ்வொன்றிலும் ஊர், அடி, தேதி. ராய்ப்பூர் 310, நாந்தேட் 180. பழனியம்மாள் பெருமூச்சு விட்டார். "மத்த ஊட்ல ஆம்பளைங்க வடக்க இருந்து சுடிதார் வாங்கியாருவாங்க. இந்த மனுசன் மண்ணு கொண்டாருவாருங்க."

செங்கோடனுக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். பின்னால் ரிக் வண்டியின் இரைச்சல், முகமெல்லாம் தூசி. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் மகளைப் பார்த்துச் சொன்னார். "அம்முணி, நாங்க தண்ணி வந்தா சிரிப்போம், வரலைன்னா வண்டிய எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிருவோம். ஏன் வரலைன்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நீ படிச்சுச் சொல்லு."

பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபியா மோரா என்று கேட்டார். மோர் என்றேன். மௌனிகா விண்ணப்பத்தில் பாடத்தை மாற்றினாள்.

கிளம்பும்போது அவள்தான் சொன்னாள். "எங்க தெருவுல எல்லா ஊட்லயும் இந்த மாதிரி மண்ணு இருக்குதுங்க மேடம். கூப்பிட்டா கொண்டாருவாங்க."

ஜூன் 1, சனி

கூப்பிட்டோம். 'உங்கள் வீட்டுக் கிணற்று மண்ணை, போர் மண்ணை ஒரு பொட்டலம் கொண்டு வாருங்கள், என்ன கல் என்று சொல்கிறோம்.' ரிக் வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இது மூன்று நாளாக ஓடியது. முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்து முப்பது டீ சொல்லியிருந்தேன். பாப்பாத்தியம்மாள் நூற்றெழுபது பொட்டலம் எண்ணினாள்.

எரிமலை இல்லை, பெட்ரோல் கம்பெனி இல்லை. வந்தவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன். கல் குவாரி காலனியிலிருந்து தேவகி என்றொரு பெண், தோழிகள் ஏழெட்டுப் பேரோடு வந்திருந்தாள். வெங்கச்சங்கல், காக்காப்பொன், மாக்கல் என்று மேசையில் இருந்த கற்களுக்கெல்லாம் வரிசையாகப் பெயர் சொன்னாள். "இதெல்லாம் தெரியும்னா காலேஜுல சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். சந்தேகமாகத்தான் கேட்டாள். இதுவரை அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை பாராட்டியிருக்க மாட்டார்கள்.

பதினோரு மணிக்கு முத்துவேல் வந்தார், தண்ணீர் வராத மூன்று குழியின் தூளோடு. கூடவே தேங்காய்க்காரர். மௌனிகா தூளை வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பரப்பினாள். "மூணுமே மாவு மாதிரி இருக்குதுங்க, ஒரே கருப்பு. பாறையில வெடிப்பு இருந்தா சில்லு சில்லா, துரு புடிச்சு வரும். இதுல வெடிப்பே இல்லீங்க. தண்ணி நிக்க எடமில்ல." முத்துவேல் தேங்காய்க்காரரைப் பார்த்தார். தேங்காய்க்காரர் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "புள்ள சொல்றது நெசந்தான்" என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பேத்திக்கு விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறதா என்று விசாரித்தார்.

ஜூன் 10, திங்கள்

முதல் சுற்றுக் கலந்தாய்வு முடிந்தது. பதினொன்று. மௌனிகா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 13, வியாழன்

பத்தொன்பது. காலையில் இருபது இருந்தது, ஒரு பையன் இன்ஜினியரிங் கிடைத்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான். கம்ப்யூட்டர் துறைக்காரர் மதியம் வந்து, எங்கள் ஸ்டோர் ரூமில் பிளக் பாயிண்ட் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 14, வெள்ளி

கடைசிச் சுற்று. மதிப்பெண் குறைந்தவர்களுக்கு இன்றுதான் அழைப்பு. ஒன்பதரை வரை வராந்தாவில் ஈ காக்கை இல்லை. பாப்பாத்தியம்மாள் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்தாள். பத்து மணிக்கு ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. பின்னாலிருந்து தேவகி குதித்தாள். அவள் பின்னால் காலனிப் பெண்கள் ஏழு பேர். கல் ஏற்றுகிற வண்டி என்பதால் எல்லார் சுடிதாரிலும் வெள்ளைத் தூள்.

தேவகி கையெழுத்துப் போட்டபோது இருபது. லியாகத் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை, அழுதேன். அழுதுகொண்டே அடுத்த படிவத்தை வாங்கினேன்.

தேங்காய்க்காரரின் பேத்தி இருபத்தெட்டாவது. மூன்று மணிக்கு முப்பது. பதினேழு பெண்கள், பதின்மூன்று பையன்கள். பாப்பாத்தியம்மாள் சாக்பீஸை என் கையில் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் துறைப் பலகையில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று எழுதினேன். எழுத்து கோணல், பரவாயில்லை.

நாலு மணிக்கு முத்துவேல் வந்தார், மகளோடு. "ஒரே ஒரு சீட்டுங்க மேடம்."

"இடம் இல்லீங்க" என்றேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் மனசு கேட்காமல், காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கி அந்தப் பெண்ணின் பெயரை முதலில் எழுதினேன். அவள் சிரித்தாள். நல்ல பெண், அப்பா மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

முதல் களப்பயணம். அடிவாரத்தில் ஓடைக்கரை, புளியமரத்தடியில் நீலக் கூடாரம். கூடாரத்துக்குக் காவல் பாப்பாத்தியம்மாள், கையில் வாளியோடு.

தேவகியோடு சேர்த்து இருபது பேரை லியாகத் கூட்டிக்கொண்டு மலை ஏறினார். பத்துப் பேர் என்னோடு கீழே. மலையின் குறுக்கே ஒரு கருப்புக் கல் பட்டை ஓடுகிறது, புதர் மூடியிருப்பதால் எங்கே என்று தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைய வேலை. மௌனிகா ஊன்றுகோலால் ஓடைக் கற்களைப் புரட்டிக்கொண்டே நடந்தாள். ஒரு வளைவில் நின்றாள்.

"இதுக்குக் கீழ எல்லாம் கருப்புக் கல்லு கெடக்குதுங்க மேடம். மேல ஒண்ணு கூட இல்ல. அப்ப அது இங்கிருந்துதான் எறங்கியிருக்கோணும்." வலது கரையில் மலையை நோக்கிக் கை காட்டினாள். "அந்த ரெட்டைப் பாறைக்கு எடது பக்கம்."

லியாகத்துக்குப் போனில் சொன்னேன். இருபது பேரும் ரெட்டைப் பாறையை நோக்கி நகர்வது எறும்பு போலத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. மௌனிகா நகத்தைக் கடித்தாள். நான் அவளைத் திட்டவில்லை, நானும் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மேலே சுத்தியல் சத்தம், நாலு அடி. தேவகியின் குரல் போனே தேவையில்லாமல் இறங்கி வந்தது.

"இருக்குதுடீ மௌனி. நீ சொன்ன எடத்துலயே இருக்குது."

மௌனிகா ஓடையில் கிடந்த கருப்புக் கல்லைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். இத்தனை வருடம் அவர் அனுப்பினார், இன்றைக்கு இவள். கீழே ஊர், தேதி எழுதினாள், அடிக்குப் பூஜ்யம் போட்டாள். நான் பக்கத்துப் பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, எழுந்து நீலக் கூடாரத்துக்கு நடந்தேன். காலையிலிருந்து அது மூன்றாவது பாட்டில்.